தகப்பன் இருக்கும்போது எடுத்த மீசை

ஐயா, அம்மா, வணக்கம். தங்களை நான் நேரில் அறியேன். ஆயினும் என் குரலைத் தாங்கள் முன்னமே கேட்டிருக்கக் கூடும். "அந்த மீசை யாருக்காகப் போயிற்று என்று கேளுங்கள்" என்று முடியும் ஒரு குரல் பதிவு பல ஊர்களின் செல்போன்களில் சுற்றியது, இன்றும் சுற்றுகிறது. அதில் பேசியவன் நான்தான். அது எப்படி உண்டாயிற்று, அதனால் என்ன நேர்ந்தது என்பதைப் பேசியவனே எழுதி வைப்பது முறை என்று கருதி இதை எழுதுகிறேன்.

நான் முடி திருத்துபவன். சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில், புத்தலப்பட்டுக்கு அருகில், முப்பத்தெட்டு ஆண்டுகளாகச் சலூன் வைத்திருக்கிறேன். பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றேன், அதுவும் தெலுங்கு. தமிழை வாடிக்கையாளருக்காக வாங்கிப் போட்ட நாளிதழிலிருந்து நானே கற்றேன். ஆள் இல்லாத வேளையில் தலைப்புச் செய்தியில் தொடங்கிக் கண்ணீர் அஞ்சலி வரை உரக்கப் படிப்பேன். ஆகையால் என் நடையில் செய்தித்தாள் வாடை வீசினால் பொறுத்தருள வேண்டும்.

என் கண்ணெதிரே காலம் மாறியது. மாந்தோப்பில் கூலி செய்த வீடுகளின் பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போனார்கள். கடையில் மர நாற்காலி போய்ச் சுழல் நாற்காலி வந்தது. பின்பு எல்லோர் கையிலும் இணையம் வந்தது. அப்போதுதான் இது நடந்தது.

என் கடைக்குப் பின்சந்தில் ஒரு தம்பதி வாடகைக்கு இருந்தார்கள். கணவர் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கேயே நால்வரோடு அறை எடுத்துத் தங்கி, வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். வந்ததும் முதலில் என் நாற்காலியில் அமர்வார். அடர்த்தியான, நுனி சுருண்ட மீசை அவருக்கு. ஒரு மயிர் கூடக் குறையக் கூடாது. மனைவி வீட்டில் ஜாக்கெட் தைப்பார். எட்டு வயதில் ஒரே மகள். தசரா விடுமுறைக்கு அந்தச் சிறுமி நகரியில் உள்ள தாய்மாமன் வீட்டுக்குப் போயிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் பலமாகச் சண்டையிட்டது சந்து முழுவதும் கேட்டது. திங்கட்கிழமை காலை மனைவியைக் காணவில்லை. அவருடைய ஒற்றைச் செருப்பு மாந்தோப்புக் கிணற்றங்கரையில் கிடந்தது. நகரியிலிருந்து அண்ணன் வந்து போலீசில் புகார் கொடுத்தார். கிணற்றில் ஆள் இறக்கித் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

உண்மையை மறைக்காமல் சொல்கிறேன். அந்த நாட்களில் நான் மிகுந்த மகிழ்ச்சியோடு இருந்தேன். அன்று வரை என் கடையில் இருவர் சேர்ந்தாலே கூட்டம். இப்போதோ, முந்தின நாள் சவரம் செய்துகொண்டவரும் மறுநாள் வந்து பெஞ்சில் இடம் பிடித்தார். ஆளுக்கொரு போன், போனுக்கொரு சேதி. ஒன்றில் கணவனுக்கு வேறொருத்தி இருந்தாள்; மற்றொன்றில் மனைவிக்கு வேறொருவன் இருந்தான். மைக்கைப் பிடித்துக்கொண்டு வந்த இரண்டு பேர் கிணற்றருகே நின்று நேரலை செய்தார்கள். எங்கள் மாந்தோப்பு குவைத்தில் தெரிகிறது என்று அங்கு டிரைவராக இருக்கும் பிள்ளைகள் எழுதினார்கள். கத்தரிக்கோல் கையில் இருந்தும் என் காது முழுவதும் பெஞ்சின் மேல் இருந்தது.

"கெணத்துல இல்லேன்னா தோட்டத்துல பொதைச்சிக்கீறான்" என்றார் பால்காரர்.

"நீ பாத்தியா?"

"பாக்கணுமா? மூஞ்சில எழுதிக்கீதே!"

"உன் மூஞ்சில கூடத்தான் பால்ல தண்ணி ஊத்தறேன்னு எழுதிக்கீது. யாராவது கேஸ் போட்டாங்களா?" என்றார் லாரி டிரைவர். பெஞ்சே அதிர்ந்தது.

ஐந்தாம் நாள் ஒரு புகைப்படம் வந்தது. விசாரணைக்குப் போய்விட்டுக் காவல் நிலையப் படி இறங்கும் கணவர். தலை மொட்டை. மீசையும் இல்லை.

"மலைக்குப் போயி மொட்டை போட்டுக்கினு வந்துக்கீறான், பாவத்த கழுவ" என்றார் பால்காரர்.

"ஏம்பா, பொண்டாட்டி காணோம்னு வேண்டிக்கிட்டு இருப்பான்" என்றார் டிரைவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, தலய பாத்தே ஆளு கதை சொல்றவன் நீ. செப்பு அண்ணா, செப்பு!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, இரு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன்.

இங்கே தாங்கள் ஒரு வழக்கத்தை அறிய வேண்டும். எங்கள் பக்கத்தில், தகப்பன் உயிரோடு இருக்கும் மகன் மீசையை முழுவதும் எடுக்க மாட்டான். மலையில் முடி காணிக்கை கொடுத்தாலும் மேலுதட்டை விட்டுவிடச் சொல்வான். வீட்டில் சாவு விழுந்து, கருமத்துக்கு உட்காரும்போதுதான் மீசையும் போகும். இவருடைய தகப்பனாரோ கிராமத்தில் திடமாக இருக்கிறார். மாதம் ஒருமுறை என்னிடமே வந்து முடி வெட்டிக்கொள்கிறார்.

"மலை மொட்டையில் மீசை நிற்கும்" என்றேன். "மீசையும் போன மொட்டை சாவு மொட்டை."

கடை வெடித்தது. "ஐயோ, அப்போ அவனுக்கு தெரியும்! அவ செத்தது தெரியும்!" டிரைவர் போனை என் வாயருகே நீட்டினார். "இன்னொரு தபா சொல்லு. பேப்பர் படிக்கிற மாதிரி சொல்லு."

சொன்னேன். நாற்பது வினாடி. பல்லாண்டுகளாக வெறும் நாற்காலிகளுக்குப் படித்துக் காட்டிய தமிழ் முழுவதும் அன்று என் தொண்டைக்கு வந்து நின்றது. "பொதுமக்களே, காவல் துறை கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு" என்று தொடங்கி, "தகப்பனார் உயிரோடு இருக்கையில் அந்த மீசை யாருக்காகப் போயிற்று என்று கேளுங்கள்" என்று முடித்தேன். கைதட்டினார்கள்.

ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், குழந்தைக்கு வலிப்பு கண்ட ஒருவர், தகப்பனாரிடம் சொல்லிவிட்டே மலையில் மீசையையும் காணிக்கையாகக் கொடுத்தார். அந்தத் தகப்பனாரே அவரை என் கடைக்கு அழைத்து வந்து உதட்டைச் சீராக்கச் சொன்னார். ஆகவே அப்படியும் நடக்கும் என்று எனக்குத் தெரியும். போனைக் கையில் வாங்கியபோதே அது நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லியிருந்தால் கைதட்டல் வந்திராது.

மறுநாள் காலை தேநீர்க் கடையில் என் குரலை நானே கேட்டேன். பிற்பகலில் திருப்பதி பஸ்ஸில் பின் இருக்கையில் யாரோ வைத்துக் கேட்டார்கள். சென்னையிலிருந்து என் மைத்துனர், "மாமா, நீயா பேசினது? சூப்பரு!" என்று அழைத்தார். கணவரின் படத்தின் மேல் என் குரலை ஏற்றி, அடியில் பயங்கரமான இசை போட்டு ஒருவர் வெளியிட்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை அணிந்து கடை திறந்தேன். என் மனைவி மட்டும், "இன்னா ரேடியோ, சோறு துன்ன வரியா, இல்ல பேசிக்கினே இருக்கப் போறியா?" என்றாள்.

ஏழாம் நாள் அந்தக் கணவர் கடைக்குள் வந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியேறினார்கள். அவர் வழக்கம் போல் நாற்காலியில் அமர்ந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அண்ணா, எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. பேசத்தான் வந்தேன்."

கையிலிருந்த துண்டை மடித்து வைத்தேன்.

"நைனா கிட்ட கேட்டுக்கினுதான் எடுத்தேன். தல முடி எல்லாரும் குடுக்கறதுதானே, அவ வரணும்னா பெரிசா ஒண்ணு குடுக்கணும்னு தோணிச்சி. நைனாதான் சொன்னாரு, எடுத்துட்றா, நான் உசுரோட இருந்து இன்னா பண்ணப் போறேன், மருமவ வந்தா போதும்னு."

"தம்பி..."

"கம்பெனில வராதன்னுட்டாங்க. அது போவட்டும். மச்சான் என் பொண்ண குடுக்க மாட்டேங்கறான். போன்ல உங்க கொரல போட்டுக் காட்றான். உங்க வாயால சொன்னத உங்க வாயாலயே மாத்துங்க அண்ணா. எனக்கு என் பொண்ணு வேணும்."

அன்றே இரண்டாம் பதிவு பேசி அனுப்பினேன். அதே தமிழ், அதே குரல். பால்காரர் ஒரு கட்டை விரல் போட்டார். அதை வேறெவரும் யாருக்கும் அனுப்பவில்லை. "இது நல்லா இல்லையே மேஸ்திரி, அதுல ஒரு கிக்கு இருந்திச்சி" என்றார் டிரைவர்.

ஆகவே மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அவரோடு நகரிக்குப் பஸ் ஏறினேன். அவருடைய மைத்துனர் பவர்லூம் ஓட்டுபவர். எங்களைக் கண்டதும் தறியை நிறுத்தாமலே வெளியே வந்து, போனை எடுத்து, தறிச் சத்தத்துக்கு மேல் என் பதிவைப் போட்டார்.

"இது உன் கொரலா, இல்லையா?"

"என் குரல்தான்."

"மொதல்ல சொன்னது நெஜமா, இப்ப சொல்றது நெஜமா?"

"இப்போது சொல்வது."

"நாளிக்கு இன்னா சொல்லுவ?" என்றார். பிறகு குரல் உடைந்தது. "பெரியவரே, அவ என் கூடப் பொறந்தவ. போலீசு சொல்லட்டும். அது வரைக்கும் கொழந்தைய தர மாட்டேன்."

அவர் சொன்னதில் தவறு இல்லை. கதவிடுக்கில் சிறுமி நின்றிருந்தாள். மீசையில்லாத தகப்பனை அடையாளம் காண அவளுக்குச் சிறிது நேரமாயிற்று. ஓடி வந்து மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தாள். "வளந்துடும்டி" என்றார் அவர். மாமன் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பதினொன்றாம் நாள், நண்பகல். ஒருவர் தாடைக்கு நுரை தடவிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் வாசல் தெரிந்தது. வாசலில், தோளில் பையும் காலில் புதுச் செருப்புமாக அந்தப் பெண் நின்றிருந்தார். பிரஷ் என் கையிலிருந்து விழுந்தது. நுரையோடு அந்த ஆள் எழுந்து, "அம்மாடி! வந்துட்டா! வந்துட்டா!" என்று கூவிக்கொண்டே சாலைக்கு ஓடினார்.

"அண்ணா, நான் செத்துட்டேனாமே. நீங்கதான் சொன்னீங்களாம்" என்றார் அந்தப் பெண்.

பெங்களூர்ப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைச் சண்டையே அந்த வேலைக்காகத்தான். மகள் விடுமுறையில் இருக்கும்போது போய்ச் சேர்ந்து, இடம் பார்த்து, பிறகு அவளை அழைத்துக்கொள்ளலாம் என்று எண்ணி, போனை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். தோப்புக்குள் குறுக்கு வழியாகச் சாலைக்கு நடக்கையில் வார் அறுந்த செருப்பை அங்கேயே விட்டெறிந்திருக்கிறார். அவ்வளவுதான். பத்து நாட்களாக அத்தனை போன்களில் அத்தனை பேர் அத்தனை கதை கட்டினோமே. ஒரு பெண் வேலைக்குப் போயிருக்கலாம் என்று எங்களில் ஒருவர் கூட நினைக்கவில்லை.

"ஹாஸ்டல்ல சோறு துன்னுக்கினு இருந்தேன். பக்கத்துப் பொண்ணு போன்ல போட்டுக் கேட்டுக்கினு இருந்தா. தெரிஞ்ச கொரலா கீதேன்னு எட்டிப் பாத்தா, எங்க ஊட்டுக்காரரு படம், மொட்டையா. அந்த மீசைக்கு அவரு எவ்ளோ எண்ண தடவுவாரு, எனக்குத் தெரியாதா?"

அதற்குள் கணவர் ஓடி வந்துவிட்டார். சாலை முழுவதும் கூட்டம். அவர் பேச வாயெடுக்கும் முன், "மீசைய எடுத்தா ஆச்சா? வேலைக்கு நான் போவேன், ஆமா" என்றார் மனைவி. கூட்டம் சிரித்தது. அவரும் அழுதுகொண்டே சிரித்தார். இருவரும் முதலில் காவல் நிலையத்துக்கும், அங்கிருந்து நேரே நகரிக்கும் போனார்கள். மாலையில் மூவராகத் திரும்பி வந்தார்கள். என் ஆயுளில் அப்படி ஒரு மகிழ்ச்சியான மாலையை நான் கண்டதில்லை. பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் தேநீர் வரவழைத்தேன்.

"உன் கொரல்தான்யா அவள கூட்டியாந்திச்சி" என்று டிரைவர் என் தோளைத் தட்டினார். அந்தப் பெருமையை நான் ஏற்கவில்லை. அந்தப் பெண்ணைக் கணவரே கொன்றதாகச் சொல்வதற்காக அனுப்பிய குரல் அது.

அவர்கள் இப்போது பெங்களூரில் இருக்கிறார்கள். மகளை மட்டும் சித்தூரில் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்திருக்கிறார்கள், பத்தாம் வகுப்பு. சென்ற மாதம் அவள் சீருடையோடு என் கடைக்கு வந்தாள். வகுப்பில் ஒரு பெண், இவள் அப்பாவின் படத்தோடு கூடிய என் பழைய பதிவை எங்கிருந்தோ பெற்று, எல்லாருக்கும் போட்டுக் காட்டி, "இது உங்க அப்பாதானே? உங்க அம்மாவ கொன்னவரு?" என்று கேட்டிருக்கிறாள். "எங்கம்மா நேத்து தான்டி போன் பண்ணாங்க" என்றால், "அது சித்தியா?" என்று சிரித்திருக்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்டேன். மறுபடியும் ஒரு பதிவு பேசித் தருகிறேன் என்றேன்.

"வேணாம் தாத்தா. நீங்க பேசுனா யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள். "எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

எழுதிவிட்டேன். ஒரு படியை அவளிடம் கொடுத்தேன். கடைக்கு வருபவர் கையிலும் ஒவ்வொரு படி கொடுக்கிறேன். அந்தக் குரல் இன்னும் எத்தனை போன்களில் இருக்கிறது என்று நான் அறியேன். அதை என்னால் திரும்ப அழைக்க இயலாது. ஆகவே, ஐயா, அம்மா, இந்தத் தாளைக் கிழித்து எறியாமல் வைத்திருங்கள். என் குரல் தங்களிடம் வரும் நாளில் இதையும் எடுத்துப் படித்துக் காட்டுங்கள்.