படத்தில் மட்டும் வந்த வண்டி

இது நிஜமாக நடந்தது. எனக்கு நடந்தது. நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். போன ஐப்பசி வரைக்கும் நானும் சிரிக்கிற கட்சிதான்.

ராத்திரிகூட இல்லை. சாயங்காலம், நல்ல வெளிச்சம். பக்கத்து வீட்டில் டிவி சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. பேய் என்றால் நடுச்சாமத்தில் புளியமரத்தடியில்தான் வரும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ, அவர்களை அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார வைத்திருக்க வேண்டும்.

என் பெயர் ரஞ்சனி. சங்ககிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். லாரி ஆபீஸ்களில் தூசி தின்று கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுப்பதுதான் முக்கால்வாசிப் பிழைப்பு. எந்தக் கோளாறுக்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும். இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த பக்தி.

அன்று செல்லாயி அக்கா போன் செய்தார்.

"சாமி, அந்தப் படம் புடிக்கிற கீ வேலை செய்ய மாட்டேங்குது. இன்னைக்கே வேணும் சாமி. கொஞ்சம் வாரயா?"

அவருடைய கணவர் மாதையன் சொந்தமாக லாரி வைத்து, தானே ஓட்டினார். அக்கா வீட்டிலிருந்தே லோடு பேசுவார். வண்டியில் ஜி.பி.எஸ். இருந்தது. கம்ப்யூட்டரில் மேப்பைத் திறந்தால் வண்டி ஒரு பச்சைப் புள்ளியாக ஊர்ந்து வருவது தெரியும். சரக்குக்காரர்கள் வண்டி எங்கே வருகிறது என்று கேட்டால், அக்கா பிரிண்ட் ஸ்கிரீன் கீயைத் தட்டுவார். திரையில் இருப்பது அப்படியே படமாகிவிடும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். நான் சொல்லிக் கொடுத்த வித்தைதான்.

முதன்முதலில் அந்தக் கம்ப்யூட்டரை வைக்கப் போனபோது மாதையன் அண்ணன் என்னைக் கேலி செய்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "ஏம்மா, நாலு மாநிலம் தாண்டிப் போனாத்தான் எனக்குக் கொஞ்சம் சொதந்தரம். அங்கயும் எம்பொண்டாட்டி கண்ணுல மாட்டற மாதிரி பண்ணிட்டியே?" அக்கா கரண்டியோடு வந்தார். அண்ணன் சிரித்துக்கொண்டே ஓடினார்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து அவர் போய்விட்டார். நாக்பூரில் ஜவ்வரிசி லோடு இறக்கிவிட்டு, ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு திரும்புகையில் வண்டி கவிழ்ந்தது. உடம்பு ஆம்புலன்சில் வந்து சேர மூன்று நாள் ஆனது. சுற்றியிருந்த துணியைப் பிரிக்கக் கூடாது என்றார்கள். வெளியூரில் அடிபட்டுச் செத்த உடம்பை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது என்றார்கள் பெரியவர்கள். வாசலிலேயே வைத்து, அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நானும் அங்கே நின்றிருந்தேன். அக்கா ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு, குளிப்பாட்ட யாராவது கூப்பிடுவார்கள் என்று பார்த்தபடியே இருந்தார். யாரும் கூப்பிடவில்லை.

நான் போனபோது திரையில் மேப் திறந்தே இருந்தது. நாக்பூருக்குத் தெற்கே, நெடுஞ்சாலை ஓரம், ஒரு சாம்பல் நிறப் புள்ளி. சிக்னல் இல்லை என்றால் சாம்பல் நிறமாகிவிடும். விபத்தில் கருவி நொறுங்கியதிலிருந்து புள்ளி அங்கேயேதான் நிற்கிறது.

"வருச சந்தா முடியுதாமா. வண்டி இல்லாததுக்கு மறுபடி போட முடியாதாம். இன்னைக்கு ஆறு மணிக்கு மேல இந்தப் பக்கமே தொறக்காதுன்னு கம்பெனிக்காரங்க சொல்லிட்டாங்க," என்றார் அக்கா. "அவிங்க கடைசியா நின்ன எடம் சாமி. ஒரு படம் புடிச்சுப் பிரேம் போட்டு வெச்சுக்கோணும்."

"போன்லயே ஒரு போட்டோ எடுத்துடலாமேக்கா?"

"எடுத்தேன். கோடு கோடா உழுகுது. கீ எப்பத்துல இருந்து போச்சுன்னு தெரியல. அப்டேட்ல போயிருச்சுன்னு யாழினி சொல்லுச்சு."

யாழினி அவர்களுடைய ஒரே மகள். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

நான் கீபோர்டு செட்டிங்கைத் திறந்தேன். அப்டேட் ஆகும்போது சில சமயம் இந்த ஷார்ட்கட்கள் குழம்பிப்போகும். ஒரே கீயை இரண்டு வேலைக்குக் கொடுத்து வைத்திருக்கும். ஆனால் இங்கே குழப்பமே இல்லை. முழுத் திரைக்கு ஒரு கீ, திரையில் திறந்திருக்கும் ஒரு விண்டோவுக்கு ஒன்று, ஒரு பகுதிக்கு ஒன்று என்று மூன்று இருக்க வேண்டும். மூன்றுக்கு எதிரிலும் 'டிசேபிள்டு', அதாவது முடக்கம், என்று இருந்தது.

அப்டேட் இப்படிச் செய்யாது. யாரோ உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தேடி, அழித்திருக்கிறார்கள். எதற்கு என்று யோசித்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்கவில்லை. மூன்றையும் பழையபடி வைத்தேன். ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.

க்ளிக்.

"வந்துருச்சுக்கா," என்றேன். படத்தைத் திறந்தேன்.

படத்தில் நாக்பூர் இல்லை.

ஓமலூர் இருந்தது. பெங்களூர் ரோட்டில், இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், ஓமலூர் பிரிவில், மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. பச்சைப் புள்ளி.

திரையைப் பார்த்தேன். அங்கே நாக்பூர்தான். சாம்பல்தான்.

எனக்குப் பயமெல்லாம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அக்கா முன்பு எடுத்த பழைய படம் எதையோ இந்த மெஷின் தூக்கிக்கொண்டு வருகிறது என்று நினைத்தேன். மறுபடி தட்டினேன்.

க்ளிக்.

புள்ளி சேலம் பைபாசில் இருந்தது. கொண்டலாம்பட்டி.

அப்போதுதான் படத்தின் மேல் ஓரத்தைக் கவனித்தேன். திரையில் ஓடும் கடிகாரமும் படத்தில் விழும் அல்லவா? அதில் 5:12 என்று இருந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 5:12.

இது பழைய படம் இல்லை.

ரீஸ்டார்ட் செய்தேன். மேப்பை மறுபடி திறந்தேன். நாக்பூர். சாம்பல். கீபோர்டைக் கழற்றி, பையில் இருந்த என் கீபோர்டை மாட்டினேன். தட்டினேன்.

க்ளிக்.

மகுடஞ்சாவடி.

என் தோளுக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"சாமி... இது எங்க?"

"ஒண்ணுமில்லக்கா. மெஷின் ஏதோ தப்பா..."

"மகுடஞ்சாவடிதானே?" அவர் குனிந்து படத்தைப் பார்த்தார். குரலில் பயமே இல்லை. "அடுத்தது டோல்கேட்டு. டோல்கேட்டு தாண்டுனா நான் தண்ணி காய வெக்கோணும். லோடு ஏத்தி லைனுக்குப் போயிட்டு வந்தா, குளிக்காம ஊட்டுக்குள்ள காலு வெக்க மாட்டாங்க."

"அக்கா. வேண்டாங்கக்கா."

"அன்னைக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்த உடல சாமி. பொண்டாட்டி நானு. ஒரு சொம்பு..."

அழவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். விறகு முறிக்கிற சத்தம் கேட்டது. அண்டாவில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

நான் திரைப் பக்கம் திரும்பினேன்.

இனி தட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். கீபோர்டின் ஒயரைப் பிடுங்கினேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கொல்லையில் தண்ணீர் காய்கிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து வீட்டு டிவி நின்றிருந்தது. எப்போது நின்றது?

க்ளிக்.

நான் தொடவில்லை.

படம் தானாகத் திறந்தது. டோல்கேட்.

க்ளிக்.

சங்ககிரி. மலைக்குக் கீழே.

எழுந்து ஓட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள்...

க்ளிக்.

இந்தத் தெரு.

புள்ளி இந்தத் தெருவில் இருந்தது.

வெளியே ஒரு சத்தம். லாரிக்காரர் ஊரில் பிறந்த யாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். பிரேக்கில் இருந்து காற்று இறங்கும் சத்தம்.

புஸ்ஸ்ஸ்...

ஜன்னல் திறந்துதான் இருந்தது. வாசல் தெரிந்தது. அங்கே ஒன்றுமில்லை. வெயில் மட்டும் சாய்ந்து கிடந்தது.

ஆனால் டீசல் வாசனை வந்தது. கூடவே ஆரஞ்சுப் பழ வாசனை.

அக்கா உள்ளே வந்தார். கொல்லைக் கதவை மெதுவாகச் சாத்தினார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் கை விறகுப் புகையாக மணத்தது.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேரும் இங்கே இருந்தோம்.

கொல்லையில்...

சளார்.

கொஞ்சம் நேரம் கழித்து மறுபடியும்.

சளார்...

நான் திரும்பிப் பார்க்கப் போனேன். அக்கா என் கையை இறுக்கினார்.

"பாக்காத சாமி. குளிக்கட்டும்."

சளார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பெரிய மனுஷன் ஒருவர் அலுத்துப்போய் வந்து, அவசரமில்லாமல் குளித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. ஒருமுறை செருமினார்கூட.

அப்புறம் சத்தம் நின்றது.

பக்கத்து வீட்டில் டிவி கேட்டது.

கண்ணைத் திறந்தேன். மேப் போய்விட்டிருந்தது. 'உங்கள் கணக்கு முடிவடைந்தது' என்ற ஒரு வரி மட்டும் திரையில் நின்றது. மணி ஆறு.

அக்காதான் கதவைத் திறந்தார். நான் பின்னாலேயே போனேன். அண்டா காலி. அடுப்பில் தணல் இருந்தது. குளிக்கிற கல் முழுக்க ஈரம், ஆவி பறந்துகொண்டிருந்தது. சோப்பில் நுரை இன்னும் உடையவில்லை. கொடியில் அக்கா போட்டு வைத்திருந்த துண்டைத் தொட்டேன். நனைந்திருந்தது. அக்கா அதை எடுத்து முகத்தில் ஒற்றிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அழுதார். இந்தப் பத்து மாதமும் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அழுதார். நானும் அழுதேன்.

கிளம்பும் முன் படங்களைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் நாக்பூர்தான். சாம்பல் புள்ளிதான். அக்கா கேட்ட படம் அச்சு அசலாகக் கிடைத்துவிட்டது.

"பிரேம் போட எதை வெச்சுக்கறீங்கக்கா?" என்றேன்.

"ஒண்ணும் வேண்டாஞ்சாமி. அழிச்சுரு. அவிங்க இப்ப அங்க இல்லியே."

அழித்துவிட்டு வந்துவிட்டேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் என்னிடம் யார் கம்ப்யூட்டர் கொடுப்பார்கள்? மெஷின் சூடாகியிருக்கும், துண்டை அக்காவே நனைத்திருப்பார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு, பாதி நம்பியும்விட்டேன்.

அடுத்த வாரம் யாழினி போன் செய்தாள்.

"அக்கா, அம்மா நல்லாத் தூங்கறாங்க. சாப்புடறாங்க. நீங்க வந்து போனதுல இருந்துதான். அந்தக் கீயைச் சரி பண்ணிட்டீங்களாக்கா?"

"ஆமா."

யாழினி குரலைத் தாழ்த்தினாள்.

"மொதப் படம்... ஓமலூர் பிரிவுங்களா? மேம்பாலத்துக்குப் பக்கத்துல?"

அந்தப் படத்தைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. அழித்தும்விட்டேன்.

"அம்மா சொன்னாங்களா?"

"இல்லீங்க. அம்மா ஒண்ணும் சொல்லல." அவள் ஒரே மூச்சில் சொன்னாள். "அப்பா காரியம் முடிஞ்ச மறுநாள், இன்சூரன்சுக்குப் படம் கேட்டாங்கன்னு நான்தான் எடுத்தேன். மொதல்ல ஹைதராபாத் வந்துச்சு. அப்புறம் பெங்களூரு. ஓசூரு. ஒவ்வொரு தடவ தட்டறப்பவும் கிட்ட வந்துச்சு. ஓமலூர் வந்ததும் எனக்குப் பயமாப் போச்சுக்கா. எல்லாக் கீயையும் அழிச்சுட்டு, அப்டேட்ல போச்சுன்னு அம்மாகிட்டப் பொய் சொல்லிட்டேன்."

என்னுடைய முதல் படம், அவளுடைய கடைசிப் படம்.

"பத்து மாசம்... ஊட்டுக்கு வந்துட்டிருந்த எங்கப்பாவ நடு ரோட்டுல நிக்க வெச்சது நாந்தானுங்கக்கா."

எந்தக் கோளாறுக்கும் காரணம் வைத்திருக்கிற நான், அவளுக்குச் சொல்ல ஒரு காரணத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொன்னேன்.

"அழாத யாழினி. தண்ணி நல்லா சூடா இருந்துச்சு. குளிச்சுட்டுத்தான் போனாரு."