எந்த ஊர் ஷாஹீன்?

வதீஹ் சவாயா அந்த மலைக் கல்லூரியில் முப்பத்து மூன்று ஆண்டுகளாகச் சேர்க்கைப் பதிவாளர். பதிவேட்டைத் திறக்காமலே சொல்வார்: 1974 அக்டோபரில் இருநூற்றுப் பன்னிரண்டு மாணவர்கள். மாரோனியக் கிறிஸ்தவர் எழுபத்தொன்று, ஆர்த்தடாக்ஸ் நாற்பத்தாறு, சுன்னி முப்பத்தெட்டு, ஷியா இருபத்தொன்பது, துரூஸ் பதினேழு, ஆர்மீனியர் பதினொன்று. கிறிஸ்தவக் கல்லூரிதான். ஆனாலும் ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரம் உணவுக்கூடத்தில் முதல் பேரீச்சம்பழத்தை நீட்டும் கை ஒரு மாரோனியப் பையனுடையதாக இருக்கும். அதை வதீஹ் பலமுறை பார்த்திருக்கிறார்.

பிறகு சண்டை வந்தது. மலைச் சாலையை ஆயுதக்காரர்கள் மறித்தார்கள். முதலில் துரூஸ் பிள்ளைகள் வரவில்லை, அடுத்து சுன்னி, ஷியா பிள்ளைகள். 1990-ல் மொத்தம் தொண்ணூற்று நான்கு பேர், அத்தனை பேரும் கிறிஸ்தவர்கள்.

சண்டை ஓய்ந்த மறு அக்டோபரில் சேர்க்கை தொடங்கியது. கிறிஸ்தவரல்லாத ஒரு பிள்ளையாவது வருமா என்று வதீஹின் கண் ஜன்னலிலேயே இருந்தது.

"உஸ்தாத், உங்க சுன்னிப் பையன் வழியில டயர் பஞ்சராகி நிக்கிறானாம்," என்றார் எழுத்தர் தனூஸ்.

"நீ காப்பியக் குடி."

"பதினாறு வருஷமாவா ஒரு பஞ்சர் ஒட்டுறான்?"

கடைசி நாள் மதியம் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். விண்ணப்பத்தில் பெயர் ரீமா ஷாஹீன். ஷாஹீன்கள் எல்லா மதத்திலும் உண்டு. ஊர் தெரிந்தால் மதமும் தெரிந்துவிடும்.

"எந்த ஊர் ஷாஹீன் நீங்க?" என்று வதீஹ் கேட்டுவிட்டார்.

தாயின் முகம் இறுகியது. காகிதங்களை மேசையிலிருந்து வாரி எடுத்தாள்.

"ரோட்டுல கார நிறுத்தி என் புருஷன்கிட்டயும் இதையேதான் கேட்டாங்க. அவரும் மரியாதையா பதில் சொன்னாரு. எந்திரி, கண்ணு."

"அம்மா, இயற்பியல் இங்க மட்டுந்தாம்மா இருக்கு..."

"என்னை அடக்கம் பண்ண நீ ஒருத்திதான் இருக்க. எந்திரி."

வதீஹ் எழுந்து வாசல்வரை வந்துவிட்டார்.

"தப்பு என்னோடதும்மா. பதில் வேண்டாம். இந்தக் கட்டடத்துல இனி யாரும் கேக்க மாட்டாங்க."

"நீங்க?"

"நானும்தான்."

 அவள் காகிதங்களை அவரிடம் தன் கையால் நீட்டாமல் மகளிடம் கொடுத்தாள். ரீமா அவற்றை மேசையில் வைத்தாள். அந்த ஆண்டுப் பதிவேட்டில் தொண்ணூற்றைந்தாவது பெயர்.

திங்கட்கிழமை காலை எல்லோருக்குமான வழிபாடு. ரீமா மூன்றாம் வரிசையில் நின்றாள். ஜெபத்தின் முடிவில் அவள் சிலுவைக்குறி போட்டுக்கொள்கிறாளா இல்லையா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும், எந்த மதம் என்று தெரிந்துவிடும். அந்த ஒரு பார்வைக்காகத்தான் பதினாறு அக்டோபர்களாக அவர் காத்திருந்தார். பாதிரியார் கடைசி வரிக்கு வந்தபோது வதீஹ் கண்களை இறுக மூடிக்கொண்டார். ஆமென் அடங்கி, பிள்ளைகள் பெஞ்சுகளை நகர்த்தி வெளியேறி, கதவு சாத்தப்படும் ஓசை கேட்கும்வரை அவர் திறக்கவில்லை.