கண்ணாடிக்காரர் பார்க்காத மாலை

கண்ணாடிக்காரருக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். லென்ஸ் உறையில் அச்சடித்த பவரை நம்ப மாட்டார், தானே ஒருமுறை அளப்பார். மணி ஆறு என்று மனைவி சொன்னால்கூட எட்டிக் கடிகாரத்தைப் பார்ப்பார்.

அப்படிப்பட்டவர் இருபத்திரண்டு வருஷமாக ஒரு நட்சத்திரத்தைக் காவல் காத்தார். வருஷக்கணக்கில் சாதுவாக ஒளிர்ந்துவிட்டுத் திடீரென்று மங்கும் ஜாதி அது. மங்குவதை முதலில் கண்டு சொல்கிறவர் பெயர் வானம் பார்ப்போர் சங்கத்தின் ஏட்டில் ஏறும். அது தன் பெயராக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மேகமில்லாத மாலைகளில், இருட்டியதும் மொட்டை மாடியில் பைனாகுலரோடு நின்று, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு ஓர் எண் எழுதுவார். எண் கூடினால் வெளிச்சம் குறைவு. நோட்டு முழுக்க ஆறு, ஆறு, ஆறு என்று ஒரே பாட்டுதான்.

போன வருஷம் மைத்துனனுக்கும் இந்தப் பைத்தியம் பிடித்தது. லிஃப்ட் மெக்கானிக், மூன்று தெரு தள்ளி வீடு. சங்க அறிக்கையில் அவன் எண்களும் இவர் எண்களும் அப்படியே ஒத்துப்போயின. மங்காத நட்சத்திரத்தை ரெண்டு பேர் பார்த்தால் ஒரே எண்தானே வரும் என்றாள் மனைவி. தன் நோட்டைப் பார்த்துக் காப்பியடிக்கிறான், அக்காளும் தம்பியும் கூட்டு என்று கண்ணாடிக்காரர் முடிவு கட்டிவிட்டார்.

பிறர் எழுதியதைப் பார்க்காமல் எழுத வேண்டும் என்பது சங்கத்தின் முதல் விதி. மைத்துனனைக் கையும் களவுமாகப் பிடிக்க, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, வானத்தைப் பார்க்காமலேயே ஏழரை என்று எழுதி, கடையின் பின்னறை மேஜையில் நோட்டைத் திறந்து வைத்தார். லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பின்னால் பதுங்கினார். டீ குடிக்க வந்த மைத்துனன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நோட்டை மூடிவைத்தான். பலே கள்ளன், என்னைப் பார்த்துவிட்டான் என்று நினைத்தார். அவன் போன பிறகும், திரும்பி வருவான் என்று இடுப்பு வலிக்க உட்கார்ந்திருந்தார். அதற்குள் நட்சத்திரம் எதிர்க்கட்டடத்துக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

அடுத்த இரண்டு நாளும் மேகம். வெள்ளிக்கிழமை சங்கச் செயலாளர் அம்மா கடைக்கே வந்தார். கூடவே மைத்துனன், முகமெல்லாம் பல். செவ்வாயன்று நட்சத்திரம் மங்கிவிட்டது, ஏழு புள்ளி ஆறு என்று எழுதியிருக்கிறான். வேறு யாரும் அன்று பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் சொன்னால் கேள்விக்குறி போட்டுத்தான் பதிவாகும்.

“மாமா ஒரு நாளும் தவறமாட்டாங்க. அவங்க நோட்டுல கண்டிப்பா இருக்கும்” என்றான் மைத்துனன்.

செயலாளர் நோட்டைப் புரட்டினார். ஏழரை. அவர் முகம் மலர்ந்தது. “ரெண்டு பேர் பேரையும் சேர்த்தே போட்டுடலாம்.”

கண்ணாடிக்காரர் தலையை ஆட்டினால் போதும், பெயர் ஏட்டில் ஏறிவிடும். வெட்கம் தாங்காமல் நோட்டை வாங்கி அந்த எண்ணைக் கோடு போட்டு அடித்தார்.

“இது பொய்ம்மா. அன்னிக்கு நான் நட்சத்திரத்தைப் பார்க்கல.”

மைத்துனனுக்கு ஒன்றும் புரியவில்லை. “வானம் தெளிவா இருந்துச்சே மாமா. அப்போ எதைத்தான் பார்த்துட்டு இருந்தீங்க?”

“உன்னைத்தான்” என்றார்.