மௌன நாளில் வந்த கன்னியம்மா

போன வாரம் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய டாக்டர், "ரெண்டு நாளைக்கு அதிகம் பேசாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். நாற்பது வருஷம் பிரசங்கம் செய்தவனிடம் சொல்கிற பேச்சா அது? வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். கிராம்புத் தைலம் மணக்கும் வாயோடு சும்மா உட்கார்ந்திருந்தபோது, அறுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் நாங்கள் அனுசரித்த மௌன நாள் நினைவுக்கு வந்தது.

எங்கள் பிரஸ்பிட்டேரியன் சபைப் போதகர்களுக்கு வருஷம் ஒரு தடவை ரிட்ரீட் என்ற தியான முகாம் நடக்கும். சபைச் சண்டைகளை மறந்துவிட்டு, முந்திரித் தோப்புக்குள் இருந்த பழைய பங்களாவில் ஐந்து நாள் ஜெபமும் வேதபாடமும். நான் அப்போதுதான் போதகரானவன். ரொம்பப் பக்திமான் என்று எனக்கே ஒரு நினைப்பு. மூன்றாம் நாள் மௌனம். சாம்பாருக்கு உப்பு வேண்டுமானாலும் சைகைதான்.

அதற்கு முந்தைய நாள்தான் திருவள்ளூர் ஞானமுத்து ஐயர் (போதகர்களை நாங்கள் ஐயர் என்போம்) எல்லார் முன்னாலும் எழுந்து, "எம் பொண்ணு செத்ததிலேர்ந்து எனக்கு ஜெபம் வர்ல. வாய்தான் சொல்லிகினு இருக்குது" என்றார். ரிட்ரீட் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பாட்டை ஆரம்பித்தார்.

மௌன நாள் மத்தியானம், சமையல்காரி கன்னியம்மா கூடத்துக்குள் ஓடிவந்தாள். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரி.

"ஐயா, எங்கூட்டுக்காரு நேத்து ஏரிக்குப் போனவரு இன்னும் வர்லயாம். இப்பத்தான் ஆள் வந்து சொல்லிச்சு. நான் இன்னா பண்ணுவேன்? ஒங்க சாமியாண்ட ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா."

தலைவர் உதட்டில் விரலை வைத்து, 'மௌனம்' என்று எழுதி ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். மூன்று நாளாக அவள் கையால் சாப்பிட்டவன் நான். குனிந்து வேதாகமத்தைப் புரட்டினேன். என்ன வாசித்தேன் என்று கேட்காதீர்கள்.

ஞானமுத்து ஐயர் எழுந்தார்.

"எத்தினி மணிக்குப் போனாரும்மா? தனியாவா?"

"விடிகாலைல, தனியாத்தான் ஐயா."

"வா, போலாம்."

சைக்கிளில் அவளை உட்காரவைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் சாயங்காலம்தான் திரும்பினார். காற்று தோணியை ஆந்திரக் கரைக்குத் தள்ளிவிட்டதாம். அங்கே இருந்தவர்கள் ஆளைக் காப்பாற்றி அனுப்பியிருந்தார்கள்.

"உருக்கமா ஜெபிச்சீரா?" என்றார் தலைவர்.

"இல்லீங்க. ஒண்ணும் வர்ல. அந்தம்மா கரையில ஒக்காந்துகினு இருந்துச்சு, நானும் கூட ஒக்காந்துகினு இருந்தேன். அவ்ளோதான்."

அடுத்த வருஷமும் ரிட்ரீட் நடந்தது, மௌன நாளும் இருந்தது. ஞானமுத்து ஐயர் வரவில்லை. திருவள்ளூரிலேயே இருந்து ஞானஸ்நானம், அடக்கம் எல்லாம் நடத்தினார். ஜெபம் திரும்ப வந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. எழுபதுகளின் நடுவில் காலமானார்.

இன்று முந்திரித் தோப்பும் பங்களாவும் இல்லை. அந்த இடத்தில் இரும்பு உருக்கும் ஆலையும் வரிசையாக லாரிகளும் நிற்கின்றன. ரிட்ரீட்டை ஏதோ மலைப்பிரதேசத்து ஓட்டலுக்கு மாற்றிவிட்டார்கள். அன்று கூடத்தில் இருந்த போதகர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான். 'நீ ஏன் எழுந்திருக்கவில்லை?' என்று கேட்கக்கூடியவர்கள் எவரும் இப்போது இல்லை.