ரிப்போர்ட்டின் கடைசி வரி

கள்ளக்குறிச்சியில் இருபது வருஷத்துக்கு மேல் காது, மூக்கு, தொண்டை பார்த்தவன் நான். கைராசிக்காரன் என்று ஊரில் பேர். அந்தப் பேருக்கு நான் தகுதியில்லை என்று எனக்கு மட்டும் தெரியும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நைனார்பாளையத்திலிருந்து மக்காச்சோளம் போடும் விவசாயி ஒருவர் மனைவியோடு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு பக்க மூக்கடைப்பு, அவ்வப்போது ரத்தம், கெட்ட நாற்றம். சைனஸ் என்று இரண்டு தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தேன். கேட்கவில்லை. ஸ்கோப் விட்டுப் பார்த்தால் உள்ளே கருப்பாகப் பொருக்கு. பயாப்ஸிக்குக் கிள்ளியதும் ரத்தம் கொட்டியது. நான் பயந்துவிட்டேன். கையில் வந்த பொருக்கை மட்டும் பாட்டிலில் போட்டு, மூக்கில் துணிச்சுருளைத் திணித்து அடைத்தேன்.

ரிப்போர்ட்டில் செத்த சதை மட்டுமே இருக்கிறது, புற்று அணுக்கள் தென்படவில்லை என்று இருந்தது. கடைசி வரியில், ஆழத்திலிருந்து மறுபடி எடுத்து அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள். படித்தேன். படிக்காமல் விட்டிருந்தால்கூட மனசு இவ்வளவு உறுத்தாது. மறுபடி ரத்தம் கொட்டினால் என்ன செய்வது என்ற பயத்தில், "கேன்சர் இல்லம்மா, தைரியமா போங்க" என்றேன்.

"நாத்தம் ஜாஸ்தியாயிக்கினே போவுதுங்களே டாக்டரு," என்றார் அந்த அம்மாள்.

"உப்புத் தண்ணியில கழுவச் சொன்னேன்ல? ஒழுங்கா கழுவுறாரா?" என்று சிடுசிடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தார்கள். "தண்ணி குடிச்சா மூக்கால வருதுங்க. இன்னா நோவுங்க இது?" என்று அந்த அம்மாள் அழுதார். கணவரை வாயைத் திறக்கச் சொன்னேன். அண்ணத்தில் ஓட்டை விழுந்திருந்தது.

அப்புறம்தான் தியேட்டரில் மயக்கம் கொடுத்து, ஆழத்தில் உயிருள்ள சதையாகப் பார்த்து எடுத்தேன். லேபில் சிறப்புச் சாயம் போட்டுப் பார்த்துச் சொன்னார்கள்: மூக்கில் வரும் என்.கே. டி-செல் லிம்போமா. அரிதான ஒரு வகைப் புற்றுநோய். ரத்தக்குழாயையே அழித்துச் சுற்றியுள்ள சதையைச் சாகடிக்கும். அதனால் மேலாகக் கிள்ளினால் செத்த சதைதான் வரும். மூக்கோடு நிற்கும்போதே பிடித்தால் ரேடியேஷனும் அஸ்பராஜினேஸ் என்ற மருந்து சேர்ந்த கீமோவும் கொடுத்துப் பல பேரைக் காப்பாற்றிவிடலாம். பரவிவிட்டால் கஷ்டம். அவருக்குத் தோலிலும் கட்டிகள் வந்திருந்தன, விடாத காய்ச்சல் வேறு. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கீமோ பாதியில் இருக்கும்போதே இறந்துபோனார்.

கொஞ்ச நாள் கழித்து அந்த அம்மாள் தன் தம்பியைக் கூட்டிவந்தார். அவருக்குச் சாதாரணச் சளிதான்.

"சின்னசேலத்துலயே பாத்துக்கலாம்னானுங்க இவன். எங்க ஊட்டுக்காரருக்கு இன்னா சீக்குன்னு கண்டுபுடிச்ச டாக்டரு இருக்கச்சொல்ல வேற எங்க போவறதுன்னு நான்தான் இட்டாந்தேங்க," என்றார்.

பயம் வந்தால், "இது என்னால் ஆகாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று அன்றைக்கே சொல்லி அனுப்பிவிடுங்கள். நான் சொல்லவில்லை. நடந்தது என்ன என்று அந்த அம்மாளிடம் பிறகும் சொல்லவில்லை. போகும்போது அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் வெட்கமில்லாமல் திருப்பிக் கும்பிட்டேன்.