பூஜையில் வைத்த பலகைகள்

மயிலாப்பூரில் ஆளுயரப் பலகையை வாசல் சுவரில் சாய்த்து வைத்தால், வீட்டில் யார் தவறிவிட்டார்கள் என்று கேட்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து கப்பலில் வந்து இந்தச் சந்தில் குடியேறிய முதல் நாளே எனக்கு இது நேர்ந்தது. வீட்டுக்கார அம்மாள் தனபாக்கியம் முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டு, எங்கள் இரண்டு பலகைகளையும் பார்த்தபடி நின்றார்.

“கப்பல்லயே ஆயிடுச்சா வாத்தியாரே?”

கடல் மயக்கத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன். “எல்லாருக்கும் ஆச்சுங்க. எனக்குத்தான் ரொம்ப மோசம்” என்றேன்.

அவர் பலகையை விரல் நுனியால் தட்டிப் பார்த்தார். பிறகு, “பொணத்தைக் குளிப்பாட்டுற பலகைதானே இது?” என்று கேட்டார். இல்லை, இதன் பெயர் சர்ஃப்போர்டு, இதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டால் அலை நம்மைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும் என்று விளக்கினேன். “எதுக்கு?” என்றார். பதினைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவன் நான். அலை எப்படி உண்டாகிறது என்று விளக்க ஆரம்பித்தேன்.

டர்பனில் நல்ல கடற்கரை வெள்ளைக்காரர்களுக்கு. அப்படி எழுதியே வைத்திருந்தார்கள். ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் எங்களுக்கும் ஒரு துண்டு மணல் உண்டு. அங்கே எதுவும் எழுதி வைக்கவில்லை, நாற்றமே போதுமானதாக இருந்தது. என் தம்பி வேலு கடலோர ஹோட்டல் ஒன்றில் தட்டு கழுவினான். விருந்தாளிகள் உடைத்துப் போட்ட சர்ஃப்போர்டுகளில் இரண்டை, விறகுக்குப் போகும் முன் தூக்கி வந்தான். பிளந்த நுனிக்கு பிஸ்கட் டப்பாத் தகரத்தை வைத்து ஆணியடித்தான். அதன்பின் விடுமுறை நாள் தவறாமல் அவனும் என் மகள் ருக்குவும் அந்தத் துண்டுக் கடலில் கிடந்தார்கள். நான் பூட்ஸைக் கழற்றாமல் கரையில் நிற்பேன். ருக்குவின் இடுப்பில் துணி காயப்போடும் கயிற்றைக் கட்டி, மறுமுனையை என் கையில் சுற்றி வைத்திருப்பேன். வேலு சிரிப்பான். “அண்ணே, அது பொண்ணு, கன்னுக்குட்டி இல்ல” என்பான்.

வேலுவின் பலகையில் அவன் நெஞ்சு பட்ட இடம் வழவழவென்று தேய்ந்து லேசாகக் குழிந்திருக்கிறது. ஓரங்களில் சாயம் போய் மரம் வெளுத்துவிட்டது. எங்களோடு இந்தியாவுக்கு வர அவனுக்கு மனமில்லை. துறைமுகத்தில் எங்கள் பெட்டிகளுக்கு அடியில் பலகைகளைக் கட்டிக்கொண்டே, “அங்கயும் கடல் இருக்குதாமே” என்றான். இருந்தது. அதுதான் எனக்குத் தொல்லையாயிற்று.

இங்கே கடல் எங்கள் சந்திலிருந்து நடை தூரம். யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் இறங்கலாம் என்பதாலோ என்னவோ, கட்டுமரக்காரர்களைத் தவிர யாரும் இறங்குவதில்லை. மாலையில் வந்து மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுவிட்டு, காற்று நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போய்விடுகிறார்கள். அமாவாசைக்கு மட்டும் முழங்கால் நனைகிறது. அங்கே எங்களை இறங்க விடாத கடலை நினைத்து ஏங்கியவர்கள் நாங்கள். இங்கே விட்ட கடலுக்கு முதுகைக் காட்டி உட்காரவும் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது.

ருக்கு பழகிக்கொள்ளவில்லை. ஆடி மாதத்தில் ஒரு காலை, என்னிடம் சொல்லாமல் பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கயிற்றோடு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, நீரோட்டம் அவளை வடக்கே வெகுதூரம் இழுத்துப் போயிருந்தது. கருப்புப் புள்ளியாகத் தெரிந்தாள். பிறகு தெரியவில்லை. குப்பத்துக் காசி கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனான். நான் கையில் கயிற்றை வைத்துக்கொண்டு நின்றேன்.

அவளையும் பலகையையும் சேர்த்துத்தான் கொண்டுவந்தான். “இந்தா சார் உம் பொண்ணு. பலகையை வுடவே மாட்டேன்னுச்சு. பலமான புடி” என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ இன்னா சார், அதுவே சிரிச்சிக்கினு கீது, நீ இப்டி ஆடிக்கினு கீறே? உக்காரு” என்றான்.

அந்த ஆட்டம் நிற்கவில்லை. கரும்பலகையில் எழுதினால் எழுத்து நெளிகிறது. மாணவர்கள் அதையும் ஒழுங்காக நெளித்து எழுதிக்கொள்கிறார்கள். பலகைகளைக் கட்டிலுக்குப் பின்னால் சொருகினேன். வேலுவின் கை பட்டதை விறகாக்க மனம் வரவில்லை. ருக்கு கடல் இருக்கும் திசையைப் பார்த்துச் சாப்பிட்டாள், அவ்வளவுதான்.

ஆயுத பூஜை வந்தது. “தொழில் சாமானெல்லாம் வையுங்க. பூஜையில வெச்சதை யாரும் தொடக்கூடாது” என்றார் தனபாக்கியம் அம்மாள். தொடக்கூடாது என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. புத்தகங்கள், சாக்குக்கட்டி, என் மனைவியின் கத்தரிக்கோல் ஆகியவற்றோடு இரண்டு பலகைகளையும் நானே சுமந்துபோய் வைத்தேன். பிறகு அவற்றைப் பூஜை அறையிலேயே விட்டுவிடுவதாக என் திட்டம். சாமி இடத்திலிருந்து எந்தப் பெண்ணும் திருடிக்கொண்டு ஓட மாட்டாள். ருக்கு தானாகவே முன்வந்து பலகைகளுக்கு விபூதிப் பட்டை போட்டு, குங்குமம் வைத்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பக்தி என்று எடுத்துக்கொண்டேன்.

டர்பனில் எங்களுக்கு ஆயுத பூஜை ஒரே நாள். அடுத்த நாள் லீவு கிடையாது, எல்லாரும் வேலைக்குப் போய்விடுவோம். இங்கே விஜயதசமி என்று இன்னொரு நாள் இருப்பதை, அது விடிந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

“படிச்சாச்சா வாத்தியாரே?” என்று கேட்டுக்கொண்டே வந்தார் தனபாக்கியம் அம்மாள். நான் ஒரு பக்கம் படித்துக் காட்டினேன். மனைவி ஒரு துணியைக் கத்தரித்தாள். “பலகை?”

“அது இருக்கட்டுங்க.”

“இருக்கட்டுமா? நல்லாச் சொன்னீங்க. வெச்சதை இன்னிக்கு எடுத்துத் தொழில் பண்ணியாகணும். இல்லேன்னா வித்தை வெளங்காது. புள்ளை வித்தையைக் கெடுக்காதீங்க.”

“அது தொழில் இல்லைங்க. விளையாட்டு.”

“அப்ப ஏன் பூஜையில வெச்சீங்க?”

ருக்கு ஏற்கெனவே பழைய கவுனை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். பள்ளிக்கூடத்துத் தோழிகள் அவளுக்கு எல்லாம் சொல்லியிருந்தார்கள்.

தெருவே கூட வந்தது போலிருந்தது. உண்மையில் இரண்டு பலகைகளோடு நாங்கள் மூவரும் தனபாக்கியம் அம்மாளும்தான். காசி வலையை உதறிக்கொண்டிருந்தான். தண்ணீரைப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு இழுப்பு இல்ல, தாராளமா வுடு. நான் இங்கதான் கீறேன்” என்றான். தனபாக்கியம் அம்மாள் கடலுக்குக் கற்பூரம் காட்ட முயன்றார். காற்று இரண்டு முறை அணைத்தது. நான் கயிற்றை எடுத்தேன். காசி சிரித்தான். “கட்டிப்புட்டா அது எப்டி சார் ஓடும்?” ருக்கு என்னைப் பார்த்தாள். நான் முடிச்சுப் போடவில்லை. அவள் போனாள். கையிலிருந்த கயிற்றைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றேன். ஒரு வெள்ளை அலை அவளைத் தூக்கி, குங்குமம் கரைந்து வழிய, என் காலடியில் கொண்டுவந்து போட்டது.

“சரி, வீட்டுக்குப் போகலாம்” என்றேன்.

“இன்னொன்னு இருக்குதே” என்றாள் என் மனைவி. “வெச்சது நீங்கதானே?”

தனபாக்கியம் அம்மாள் அதை ஆமோதித்தார். இத்தனை வருடம் கரையிலேயே நின்றவன், முதன்முறையாகப் பூட்ஸைக் கழற்றினேன். வேலுவின் பலகையைத் தண்ணீருக்குள் இழுத்துப்போய், கரையைப் பார்த்தபடி அதில் படுத்தேன். அவன் நெஞ்சுக்குழியில் என் நெஞ்சு சரியாகப் பொருந்தவில்லை. அவன் அகலம் குறைவு. ருக்கு கயிற்றை என் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். “சும்மா இருக்கட்டும்ப்பா” என்றாள்.

பூகோளப்படி என் கால்கள் நீண்டிருந்த திசையில் இருப்பது பர்மா. டர்பனுக்குப் போக இலங்கையைச் சுற்றி வெகுதூரம் போக வேண்டும். ஆனாலும் பின்னாலிருந்து வந்த அலை என்னைத் தூக்கியபோது, கால்கள் வேலு நின்றிருந்த துறைமுகத்தில்தான் இருந்தன. எதிரே, தென்னைகளுக்கு மேலே, கோயில் கோபுரத்தின் நுனி ஏறி இறங்கியது. இடையில் கயிறு தளர்ந்து கிடந்தது. அவள் இழுக்கவில்லை. அலை இன்னும் என்னைக் கீழே விடவில்லை.