எதிரணிக் கூண்டுக்காரர்

வாயின் வலது ஓரத்தில் சூரியகாந்தி விதை நுழையும்; இடது ஓரத்தில் தோல் வெளியேறும். தோலைக் காகிதக் கோப்பையில் துப்பியபடி, கதவுத் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்காமலே ஓரெஸ்ட் குசிக் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஹார்லன் ஊர்ப் பனி ஹாக்கி அரங்கில், விதிமீறி ஆடுகிறவர்களைத் தண்டனையாகச் சில நிமிடம் உட்கார வைக்கக் கண்ணாடிக் கூண்டுகள் இரண்டு உண்டு. உள்ளூர்ப் பையன்களுக்கு ஒன்று, வெளியூர்ப் பையன்களுக்கு ஒன்று. வெளியூர்க் கூண்டின் கதவு ஓரெஸ்டின் பொறுப்பு. பகலில் தானியக் கிடங்கில் லாரிகளை எடைபோடுகிறவர். உள்ளூர்க் கூண்டைக் கேட்டு வாங்கியிருக்கலாம். "நம்ம பயலுக மூஞ்சிய வாரம் பூரா பாக்குறேன். இவனுங்க வந்தா புதுசா நாலு கெட்ட வார்த்தையாவது கத்துக்கலாம்ல?" என்பார்.

வருகிறவர்களுக்குப் பதினேழு, பதினெட்டு வயதிருக்கும். மட்டையைச் சுவரில் அடிப்பார்கள். நடுவரின் தாயை இழுப்பார்கள். "மெதுவா திட்டு தம்பி. அவரோட அம்மா மூணாவது வரிசையில உக்காந்திருக்கு" என்பார் ஓரெஸ்ட். பையன் திடுக்கிட்டுத் திரும்புவான். அங்கே யாராவது ஒரு கிழவி நிச்சயம் இருப்பாள்.

ஹார்லன் பையன்களில் பாதிப்பேர் தொலைவிலிருந்து வந்து, ஊரார் வீடுகளில் தங்கி ஆடுகிறவர்கள். இந்தக் குளிர்காலம் முழுக்க ஓரெஸ்ட் வீட்டில் கோல்பி. மனைவி லவோன் அவித்தெடுக்கும் உருளைக்கிழங்குப் பெரோகிக் கொழுக்கட்டைகளைத் தட்டுக்கு வருமுன்பே காலி செய்கிறவன். "சோத்துக்கு ஓடி வர்ற வேகத்துல ஆட்டத்துல ஓடுனா கோப்பை நமக்குத்தான்டா" என்று ஓரெஸ்ட் அவனைச் சீண்டாத நாளில்லை.

போன வெள்ளிக்கிழமை ஆட்டத்தில், எதிரணிப் பையன் ஒருவனின் மட்டை கோல்பியின் காலில் மாட்டியது. வந்த வேகத்தில் வழுக்கிப்போய்ப் பலகைச் சுவரில் மோதிய கோல்பி எழுந்திருக்கவில்லை. இடறிவிட்டவனுக்கு நடுவர் இரண்டு நிமிடத் தண்டனை கொடுத்தார்.

ஓரெஸ்ட் கதவைத் திறந்தார். வழக்கமான பேச்சு வாயில் வரவில்லை. உள்ளே வந்தவனின் கழுத்தைப் பிடித்து வெளியே வீசலாம் போலிருந்தது. ஆட்டம் நின்றிருந்ததால் கடிகாரமும் ஓடவில்லை. இரண்டு நிமிடம் தொடங்கவே இல்லை. பார்வையாளர் வரிசையிலிருந்து படிகளில் இறங்கி ஓடிய லவோன், எழப்போன இவரைப் பார்த்து, நான் போகிறேன், நீ இரு என்று கைகாட்டிவிட்டுப் போனாள்.

"சார், அவன் காலை அசைக்கிறானா? எனக்கு இங்கேருந்து தெரியல."

"வாய மூடு."

"வேணும்னு செய்யல சார்."

தூக்குப் படுக்கையில் ஏற்றும்போது கோல்பி ஒரு கையை உயர்த்தினான். காறை எலும்பு முறிந்ததோடு போயிற்று என்பது மறுநாள்தான் தெரியவந்தது. அப்போது தெரிந்தது அந்தக் கை மட்டும்தான்.

"கையத் தூக்கிட்டான். காலும் அசையுது, பாத்தேன்" என்றார் ஓரெஸ்ட், பனித்தளத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பக்கத்தில் விக்கல் போல ஒரு சத்தம். அந்தப் பையன் முழங்கால்களுக்கு நடுவே தலையைப் புதைத்துக்கொண்டிருந்தான். தோள்கள் குலுங்கின. பின்னாலிருந்த ஊர்க்காரர்கள் கண்ணாடியை அறைந்தார்கள்.

"அழுறான் பாருடா! படம் எடு, படம் எடு!"

கைபேசிகள் உயர்ந்தன. முன்னால் நின்று கத்தியவன் கிடங்கில் இவரோடு வேலை பார்க்கும் கோர்டன்.

ஓரெஸ்ட் எழுந்தார். முதுகில் ஹார்லன் அணியின் பெயர் பெரிதாகத் தைத்திருந்த தன் கனத்த மேல்சட்டையைக் கழற்றினார். பையனுக்குப் பின்னால் போய், கண்ணாடிமேல் அதை விரித்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.